உறையின் மேல் வைத்த பொட்டு

துப்பாக்கி வைத்திருக்கத்தான் உரிமம் வேண்டும், அதன் உறைக்கு வேண்டாம். யாரைச் சந்தித்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால், என் பையிலிருந்து ஒரு தோல் உறை மேசைக்கு வந்ததுமே காபி கொண்டுவருகிறவர் எட்டி நின்று டம்ளரை நீட்டுவார். பெண் என்பதால் இன்னொரு கேள்வியும் வரும்: உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?

பதில் சொல்லத் தெரிந்ததில்லை. கல்லூரியில் படிக்கும்போது பழைய சாமான் குவியல் ஒன்றில், மட்டிச் சிப்பியைப் போல மேல்பக்கம் உப்பிய விநோதமான ஓர் உறையைப் பார்த்தேன். அது ஜப்பானியப் படையினுடையது என்றும், போரின் கடைசியில் தோல் கிடைக்காமல் ரப்பர் பூசிய துணியில் தைத்தது என்றும் படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சை மார்க்கில் வந்ததில்லை. ஒரு நாடு தோற்றுக்கொண்டிருந்ததை ஒரு பை சொல்கிறது என்றால் மற்ற பைகள் என்னென்ன சொல்லும்? அன்று பிடித்த பைத்தியம் இது. வாரநாட்களில் திருவான்மியூரைத் தாண்டி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைகளில் உறை, தோட்டாப் பை, கைத்துப்பாக்கியின் பிடியில் மாட்டும் கயிறு, குழல் துடைக்கும் கம்பி. எந்த நாட்டில் செய்தது, எந்த வருஷம், எந்தப் படைக்குப் போனது என்று சேகரிப்பாளர்களுக்குப் பார்த்துச் சொல்வேன்.

பார்ப்பதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. மூடியைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். பெல்ட் நுழையும் வளையத்தின் உள்பக்கம் பார்க்க வேண்டும். செய்த இடத்தையும் வருஷத்தையும் அழுத்தி அடித்த முத்திரை அநேகமாக அங்கேதான் இருக்கும். தையல் நூல் பருத்தியா நைலானா என்று பார்க்க, பிரிந்து நிற்கும் ஒரு நுனியைத் தீக்குச்சியில் காட்டினால் போதும். பருத்தி சாம்பலாகும், நைலான் உருகி மணியாகும். கைவிளக்கை நேராக அடிக்காமல் படுக்கவைத்து அடித்தால் தேய்ந்துபோன எழுத்துகூட நிழலாக எழுந்து நிற்கும். நான் மிகவும் விரும்பும் நொடி அதுதான். அதாவது, அதுவாகத்தான் இருந்தது.

எனக்கு அதிகம் வேலை கொடுத்தவர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. தெற்கே இருந்து வந்த குடும்பம். கடை மாடியில் சேலை மூட்டைகளுக்கு நடுவே அவருக்கென்று ஓர் அறை, அதில் சுவரை அடைத்த கண்ணாடி அலமாரி. ராணுவத்தில் சேர ஆசைப்பட்டு, தட்டைப் பாதத்தால் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். அந்த அலமாரிக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பொருள் கொடுக்கிறவர் எதிரிலேயே அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் போய்ப் பேசுவது கிடையாது. "நல்லதோ கெட்டதோ மொகத்துக்கு நேரா சொல்லிரணும்மா. பொறவு மனசுல கெடந்து அரிக்கப்பிடாது" என்பார். போலி என்று தெரிந்து கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அண்ணாச்சி அவர்களுக்கும் காபி கொடுத்துத்தான் அனுப்புவார்.

அந்தச் சனிக்கிழமை போனபோது அறையில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். மகளை எனக்கு முகம் தெரியும், கடைச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். வெறும் நெற்றி. மடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். குழந்தையைப் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

விஷயத்தை மகள்தான் சொன்னார். அப்பா ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். எழுபத்தொன்றில் நடந்த சண்டைக்குப் போனவர் திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை. வந்தது இந்த உறை மட்டும். அடையாறு ஆற்றங்கரையில் இருந்தவரை வீட்டின் சாமி மாடத்தில் அது இருந்தது. ஆற்றங்கரை வீடுகளை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கே சுவரெல்லாம் தண்ணீர் கசிகிறது. போன மழையில் உறையின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லையாம். அண்ணாச்சியின் கண்ணாடி அலமாரியைப் பற்றி மகள் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, அங்கே கொண்டுபோய் வை, பக்கத்தில் அப்பா பெயரை எழுதி வை என்று பிடிவாதம். காசு எதுவும் வேண்டாம். நாலு பேர் பார்க்கிற இடத்தில், ஈரம் படாமல், அவர் பெயரோடு இருந்தால் போதும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அண்ணாச்சி ஏற்கெனவே நடுத்தட்டைக் காலி செய்து சிவப்பு வெல்வெட் விரித்துவிட்டார்.

"அப்பா பேரு கண்ணாடிக்குள்ள வர்ற வரைக்கும் இது கட்டைல போவாதாம்," என்றார் மகள்.

"அப்ப எழுதாத. இன்னும் கொஞ்ச நாளு ஒன் உயிர வாங்கறேன்," என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். துணி பிரிந்தது.

அரக்கு நிறத் தோல் உறை. பித்தளைக் குமிழ். நம் நாட்டில் தைத்ததுதான் என்பது கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. அந்தத் தோலின் கனமும், ஓரத்தை மடிக்காமல் வெட்டி மெழுகு தேய்த்து விட்டிருக்கும் விதமும் எனக்குப் பழக்கம். மூடியின் நடுவில் பெரிய சந்தனத் தீற்றல், அதன் மேல் குங்குமம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வைத்தது. ஒரு பொட்டின் மேல் இன்னொரு பொட்டாக ஏறி, விரல் வைத்தால் முட்டும் அளவுக்குக் கெட்டித்துப்போயிருந்தது.

அடியில் பார்த்தேன், முத்திரை இல்லை. பெல்ட் வளையத்துக்குள்ளும் இல்லை. நூல் நுனியைத் தீக்குச்சியில் காட்டினேன். உருகி மணியானது. நைலான். எழுபத்தொன்றுக்கு முந்திய உறை என்றால் பருத்தி நூல்தான் இருக்க வேண்டும். ஆனால் பழைய உறையை மறுபடி தைத்திருக்கலாம், எத்தனையோ பார்த்திருக்கிறேன். மற்ற இடங்களில் இல்லாத முத்திரை மூடியின் மேலேதான் இருந்தாக வேண்டும். அதாவது பொட்டுக்கு அடியில்.

சுரண்டலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சொரண்டு கண்ணு. அவரு அதுக்குள்ள கீறாரு, மேல இல்ல."

வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, மூங்கில் குச்சியால் மெதுவாக ஆரம்பித்தேன். மேல் அடுக்கு பளிச்சென்ற ரோஸ் கலந்த சிவப்பு, இப்போது கடையில் விற்கும் குங்குமம். அதற்குக் கீழே கறுத்த சிவப்பு, நடுநடுவே காய்ந்த சந்தனம். தாளில் சின்னக் குவியலாகச் சேர்ந்தது. அம்மா பேசிக்கொண்டே இருந்தார். ராணுவம் முதலில் அவரைக் காணவில்லை என்று சொன்னதாம். பிறகு, இறந்ததாகக் கருதுகிறோம் என்று சொல்லி பென்ஷன் கொடுத்ததாம். பென்ஷனை வாங்கிக்கொண்டார். தாலியை மட்டும் கழற்றவில்லை. சாயங்காலமானால் டீக்கடை ரேடியோவின் அடியில் போய் உட்கார்ந்துவிடுவார், சிறைப்பட்டவர்களை விடுவித்தார்கள் என்று எந்த நாளாவது சொல்ல மாட்டார்களா என்று. கைக்குழந்தை அழுதாலும் எழுந்திருக்க மாட்டாராம்.

"அந்தக் கைக்கொழந்த நான்தான்," என்றார் மகள். "இன்னமும் அழுதுகினுதான் கீறேன், யாரு எழுந்திரிக்கறா."

அப்படியே மூன்று, நான்கு வருஷம் போன பிறகுதான் ஒருநாள் அம்மாவின் அண்ணன், காக்கிச் சட்டை போட்ட ஒரு மீசைக்காரரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அதே படைப்பிரிவில் இருந்தவர், பக்கத்து டாங்கியிலிருந்து பார்த்தவர் என்று சொன்னார். வந்தவர் குனிந்த தலை நிமிராமல் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, என் கண் முன்னால்தான் போனார், இடுப்பிலிருந்து நான் கழற்றியது இது என்று உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அம்மா ரேடியோவுக்குப் போகவில்லை. வளையலை உடைத்தார்கள்.

"கவருமெண்டு சொன்னத நான் நம்பல பாப்பா. இத நம்புனேன்," என்று உறையைத் தொட்டுக் காட்டினார்.

குங்குமம் தீர்ந்தது. ஆனால் தோல் வரவில்லை. குச்சியில் கடினமாக ஏதோ தட்டியது. காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி தட்டையாக, மங்கிய சிவப்பு. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அது குங்குமமே இல்லை. இரும்புக் கதவுக்கு அடிப்பார்களே ரெட் ஆக்சைடு, அந்த பெயின்ட். வட்டமாக, நிதானமாக, ஒரு பொட்டு அளவுக்குப் பூசியிருந்தது. எல்லாப் பொட்டுக்கும் அடியில் இருந்த முதல் பொட்டு.

எண்ணெய் ஊறிய தோலில் பெயின்ட் ஒட்டாது. ஓரத்தில் நெம்பியதும் முழுசாகப் பெயர்ந்து வந்தது. முத்திரைப் பள்ளங்களில் இறங்கிய பெயின்ட் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. விளக்கைப் படுக்கவைத்து அடிக்கும் அவசியமே இல்லாமல், எழுத்துகளும் அவற்றுக்குக் கீழே வருஷத்தின் கடைசி இரண்டு எண்களும் சிவப்பாக எழுந்து நின்றன. இவ்வளவு தெளிவான முத்திரையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாய் திறந்து கத்தியிருப்பேன். எண்களைப் படித்தேன், வாய் தானாக மூடிக்கொண்டது.

அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னம்மா என்று கேட்கவில்லை. அவர் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும், முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவே குனிந்து பார்த்தார். அவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆற்றங்கரையிலிருந்து வீட்டு வேலைக்குப் போய்வந்த இத்தனை வருஷத்தில் பஸ் நம்பர் படிக்கத் தெரியும்.

"எழுபத்தி நாலு," என்றார். "இது இன்னா நம்பரு?"

"செஞ்ச வருஷம்மா."

"எத செஞ்ச வருசம்?"

"இந்த உறைய."

கீழே கடையில் யாரோ சேலையை உதறி விரிக்கும் சத்தம் வந்தது. மகள் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"அவரு போனது எழுபத்தொண்ணுல," என்றார் அம்மா.

அதற்கு மேல் விளக்கத் தேவையிருக்கவில்லை. அவர் இடுப்பில் கட்டிப்போன உறை அல்ல அது. அவர் காணாமல் போய் மூன்று வருஷம் கழித்து ஏதோ ஒரு தையல் மேசையில் பிறந்தது.

அண்ணாச்சி எழுந்து அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷம் கட்டிக்காத்த வழக்கத்தை அவர் உடைத்ததை அன்றுதான் பார்த்தேன். "அம்மா, இத நான் அப்படியே உள்ள வச்சிருதேன். ஐயா பேரயும் எழுதிருவோம். இந்த நம்பர் இருக்க எடத்துல பழையபடி சந்தனத்த அப்பிருவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரிஞ்சிபோச்சே நைனா."

பிறகு அவர் உறையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சுரண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இது எங்கண்ணன் வேல," என்றார். கோபமே இல்லாத குரல்.

அண்ணனுக்கு ஆவடிப் பக்கம் ராணுவக் கிடங்கில் லோடு தூக்கும் வேலை. தங்கச்சி டீக்கடை வாசலில் உட்கார்ந்து காய்வதைப் பார்க்க முடியவில்லை அவருக்கு. வேறு கல்யாணம் செய்துவைக்கவும் நினைத்திருந்தாராம். கிடங்கிலிருந்து ஓர் உறையை எடுத்து, செங்கல் தூளும் எண்ணெயும் தேய்த்துப் பழசாக்கியிருப்பார். கூட வேலை செய்த யாருக்கோ காக்கிச் சட்டை மாட்டிச் சாட்சி சொல்லக் கூட்டிவந்திருப்பார். அடித்துவிட்ட வருஷத்தைத் தேய்த்து அழிக்க முடியவில்லை. கிடங்கில் கதவுக்கு அடிக்கிற பெயின்ட் இருந்தது. அந்த வருஷ ஆயுத பூஜைக்கு வந்து அவர்தான் அதே இடத்தில் முதல் சந்தனத்தையும் குங்குமத்தையும் வைத்தார். ஆயுதத்துக்கு இங்கேதான் வைக்க வேண்டும், இடம் மாறக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். சாகும்வரை வருஷா வருஷம் வந்து தன் கையாலேயே வைத்தார். அவர் போன பிறகு அம்மா வைத்தார், இடம் மாறாமல்.

"பாவி, எனக்கோசரம் பண்ணிகிறான்," என்று சொல்லிவிட்டு உறையை மேசையில் வைத்தார். அப்புறம் எங்கள் மூவரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப அவரு செத்துட்டாருன்னு யாரு சொன்னது?"

மகள் அழ ஆரம்பித்தார். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். யாருமே சொல்லவில்லை. அதுதான் உண்மை. கருதுகிறோம் என்று ஓர் அலுவலகம் சொன்னது. செத்தார் என்று சொன்னது இந்தத் தோல் ஒன்றுதான்.

"அன்னியோட ரேடியோ கேக்கறத நிறுத்திட்டேன்," என்றார் அம்மா. "அதுக்கப்புறம் பேரு சொல்லியிருந்தா?"

நான் படித்ததையெல்லாம் அவசரமாகச் சொல்லிப் பார்த்தேன். உயிரோடு இருந்திருந்தால் பட்டியலில் வந்திருக்கும், அரசாங்கம் தேடியிருக்கும், வயது இப்போது எண்பதைத் தொட்டிருக்கும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதே தலையாட்டலோடு மஞ்சள் துணியை உதறி மடித்து இடுப்பில் செருகினார். தாளில் கிடந்த குங்குமக் குவியலைச் சிந்தாமல் நாலாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். உறையை எடுக்கவில்லை.

"இது யாருதோ. வெச்சிக்கோ," என்றார் அண்ணாச்சியிடம்.

பஸ் நிலையம்வரை கூடப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம் இடித்துத் தள்ளியது. எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் தூரத்திலேயே நம்பரைப் படித்துவிட்டு, கையைப் போட்டு நிறுத்தி ஏறியவர் அவர்தான்.

உறை அண்ணாச்சியின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அலமாரிக்குள் வைக்கவும் மனம் வரவில்லை, தூக்கிப்போடவும் மனம் வரவில்லை அவருக்கு. வெல்வெட் விரித்த நடுத்தட்டு அப்படியே காலியாக இருக்கிறது. நானும் புதிதாக எதையும் பார்த்துச் சொல்லவில்லை. சேகரிப்பாளர்கள் போனில் அனுப்புகிற உறைப் படங்களைத் திறந்துவிட்டு மூடிவிடுகிறேன்.

தை அமாவாசை கழிந்து மகள் போன் செய்தார். அப்பாவுக்குப் படையல் போட அம்மா விடவில்லையாம். இருக்கிறவருக்கு யாராவது படைப்பாங்களா என்று இலையைச் சுருட்டி எறிந்தாராம். நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்கிறார். அந்தத் தாளில் மடித்துக் கொண்டுவந்ததைத்தான் தினமும் தொட்டு வைத்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டால் எழுந்து கதவருகே போய் நிற்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது.

"ஒரே ஒரு வாட்டி வந்து சொல்லும்மா," என்றார் மகள். "அது செஞ்ச வருசம் இல்ல, ரிப்பேர் பண்ண வருசம்னு சொல்லு. நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா கேக்கும். எங்க மாமன் செஞ்சத நீ ஒரு தபா செய்யி."

சரி என்றேன். நைலான் நூல், மறுதையல், ரிப்பேர் செய்த இடத்தில் புது முத்திரை: நம்பும்படி சொல்ல எனக்கு எல்லாம் தெரியும். பஸ்ஸில் போகும்போது அதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக அடுக்கி வைத்துக்கொண்டேன். அன்று லிஃப்ட் ஓடவில்லை. எட்டு மாடியும் ஏறினேன், சுவரில் ஈரம் கைவைத்த இடமெல்லாம் ஒட்டியது. கதவைத் தட்டக் கை தூக்குவதற்குள் அது திறந்துவிட்டது.

நெற்றியில் பெரிய பொட்டோடு அவர் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலாக, நான் ஏறிவந்த படிகளைப் பார்த்தார். அடுத்த காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் என்னிடம் கேட்டார்.

"நீ மட்டும்தான் வந்தியா?"